அம்மாயியின் நீலக்கல் மோதிரத்தைத் தினமும் போடலாமா?

டீச்சர், உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஹட்டனுக்குப் பக்கத்துப் பாடசாலையில் படிப்பிக்கிறீர்கள். நீங்களும் இன்னும் மூன்று டீச்சர்மாரும் இந்தத் தவணையிலிருந்து தினமும் ஒரு வண்ணக்கல் நகையைப் போட்டுவந்து, காலையில் ஆசிரியர் அறையில் “இன்றைக்கு என்ன கல்?” என்று ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்கிறீர்கள். உங்களிடம் இருப்பது அம்மாயியின் நீலக்கல் மோதிரம், ஒரு சந்திரகாந்தப் பதக்கம், சிவப்புக் கல் தோடு. அம்மாயி போகவந்தலாவையில் கொழுந்து பறித்தவர். கல் ஆற்றில் கிடைத்தது, 1960களில் ஓர் ஆசாரி மோதிரமாகச் செய்துகொடுத்தார் என்று வீட்டில் சொல்கிறார்கள். படத்தைப் போட்டு, இது அசல் நீலமா, தினமும் போட்டால் கெட்டுப்போகுமா என்று இரண்டு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். அசல் என்று தெரிந்தால் பெட்டியில் பூட்டிவிட வேண்டியதுதான் என்ற பயமும் உங்கள் எழுத்தில் தெரிகிறது. அந்தப் பயத்துக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

நான் கண்டியில் 26 வருடமாகக் கல் பதிக்கும் வேலை செய்கிறவன். மாத்தளையில் மாமாவிடம் தொழில் பழகி, பிறகு கொழும்பில் இரத்தினக்கல் பற்றி ஒரு சான்றிதழ் படிப்பும் முடித்தேன். கல் விற்பது என் வேலை இல்லை. அதனால் விலையைப் பற்றி நான் பேசப்போவதில்லை. கல் எப்படி உடைகிறது, எப்படித் தேய்கிறது, எப்படி மோதிரத்தை விட்டுக் கழன்று விழுகிறது என்பதைத்தான் இத்தனை வருடமாக மேசையில் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

முதல் கேள்விக்குப் படத்தை வைத்து யாருமே பதில் சொல்ல முடியாது. சொல்கிறவர் ஊகித்துத்தான் சொல்கிறார். நீல நிறத்தில் பளபளப்பது இயற்கை நீலமாக இருக்கலாம், சூடாக்கி நிறம் ஏற்றிய நீலமாக இருக்கலாம், செயற்கை நீலமாக இருக்கலாம், ஸ்பினல் என்ற வேறொரு கல்லாக இருக்கலாம், வெறும் கண்ணாடியாகவும் இருக்கலாம். இந்த ஐந்தையும் பிரிக்கக் கல் கையில் இருக்க வேண்டும். பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் லென்ஸ் வேண்டும், சில சமயம் ஆய்வுகூடக் கருவிகளும் வேண்டும்.

ஆனால் உங்கள் வீட்டுக் கதையை வைத்துச் சிலவற்றைச் சொல்லலாம். இலங்கையில் இரத்தினக்கல் என்றவுடன் எல்லாரும் இரத்தினபுரியைச் சொல்வார்கள். மற்ற இடங்களிலும், நம் மலையகத்திலும் கல் இருக்கிறது. பொலன்னறுவை மாவட்டத்து எலஹெர பெயர்பெற்ற இடம். போகவந்தலாவைப் பக்கம் கெசல்கமு ஓயாவை ஒட்டிக் கல் தோண்டுவதும், அனுமதி இல்லாமல் தோண்டி அகப்பட்டுக்கொள்வதும் செய்தியில் வருகிற விஷயம்தான். கனமான கற்கள் ஆற்றோடு வந்து, ‘இல்லம்’ என்று நாங்கள் சொல்லும் சரளைப் படுகையில் தங்கிவிடுகின்றன. ஆகவே ஆற்றில் கிடைத்தது என்ற கதை நடக்கக்கூடிய கதை. கதைக்கு இடம் இருப்பதால் மட்டும் கல் அசல் ஆகிவிடாது, அவ்வளவுதான்.

இன்னொன்று, பழையது என்றால் அசலாகத்தான் இருக்கும் என்று நம் ஆட்கள் நம்புகிறார்கள். இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். பிரான்ஸ் நாட்டு வெர்னோய் என்பவர் தீச்சுவாலையில் செயற்கை மாணிக்கம் வளர்க்கும் முறையை 1902இலேயே வெளியிட்டுவிட்டார். அடுத்த பத்து வருடத்துக்குள் செயற்கை நீலமும் வந்துவிட்டது. அம்மாயி காலத்தில் அது உலகம் முழுக்க மலிவாகக் கிடைத்த சரக்கு. பாட்டிமாரின் நகைகளில் நான் பார்த்த சிவப்புக் கல்லிலும் நீலக் கல்லிலும் கணிசமானவை இந்த வகைதான். அதை அவர்களிடம் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் மனசு கஷ்டப்படும். வாங்கியவர்கள் உடல் உழைத்துச் சேர்த்த காசில் வாங்கியிருப்பார்கள்.

இதற்கு நேர்மாறாக ஒரு நல்ல குறியும் உங்கள் மோதிரத்தின் வயதில் இருக்கிறது. கெவுடா என்று சொல்கிற பால் படிந்த வெளிறிய கற்களை, 1,500 பாகைக்கும் மேலான சூட்டில் வைத்து நீலமாக்கும் வேலை 1970களில் தாய்லாந்து வியாபாரிகளால் பெருகியது. அதற்கு முன் அந்தக் கல்லை இங்கே மதிப்பார் இல்லை. உங்கள் மோதிரம் உண்மையிலேயே 1960களில் செய்ததாக இருந்து, இடையில் யாரும் கல்லை மாற்றாமலும் இருந்து, கல்லும் இயற்கை நீலமாகவே இருந்தால், அந்தப் பெரிய சூட்டைக் காணாத கல்லாக இருக்க வாய்ப்பு அதிகம். மூன்று ‘இருந்தால்’ போட்டிருக்கிறேன், கவனியுங்கள்.

வீட்டில் நீங்களே பார்க்கக்கூடியது ஒன்று உண்டு. ஒரு லென்ஸ் வாங்கி, கல்லின் மேல்பக்கத்தில் பட்டைகள் ஒன்றோடொன்று சேரும் விளிம்புகளைப் பாருங்கள். அம்மாயி அதை வருடக்கணக்கில் கையில் போட்டிருந்தார் என்கிறீர்கள். இத்தனைக்குப் பிறகும் விளிம்பு கத்தி மாதிரிக் கூராக இருந்தால் அது கண்ணாடி இல்லை என்று ஏறக்குறைய நிச்சயமாகச் சொல்லலாம். விளிம்பு மழுங்கி, மேலெல்லாம் நுண்ணிய கீறலாக இருந்தால் கண்ணாடி என்று சந்தேகப்பட வேண்டும். அப்புறம், மோதிரத்தின் பின்பக்கம் திறந்திருந்தால், ஒரு வெள்ளைக் கோப்பையில் தண்ணீர் விட்டு அதில் அமிழ்த்தி, பக்கவாட்டில் பாருங்கள். நிறம் நேர்கோடுகளாகவோ, ஒரு மூலையில் மட்டும் திரண்டோ, மற்ற இடம் வெளிறியோ இருந்தால் இயற்கைக் கல்லுக்கு அது நல்ல அறிகுறி. நம் நாட்டுப் பழைய பட்டை தீட்டுபவர்கள் அந்த நிறத் திரட்டு கல்லின் அடியில் வரும்படி பார்த்துத்தான் வெட்டினார்கள். மேலிருந்து பார்த்தால் முழுக் கல்லும் நீலமாகத் தெரியும். செயற்கை நீலத்தில் நிறக்கோடுகள் வில் மாதிரி வளைந்து ஓடும், ஆனால் அவை சாதாரணக் கண்ணுக்கு இலேசில் அகப்படாது.

பாலில் போட்டால் பால் நீலமாகும், கண்ணாடியில் கீறினால் அசல் என்று ஊரில் சொல்லும் பரீட்சைகளை விட்டுவிடுங்கள். செயற்கை நீலமும் கண்ணாடியைக் கீறும், மலிவான படிகக் கல்லும் (குவார்ட்ஸ்) கீறும். எழுத்தில் ஒரு பதில் வேண்டுமானால் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையின் ஆய்வுகூடம் கொழும்பில் இருக்கிறது. கல்லை மோதிரத்திலிருந்து கழற்றிக் கொடுத்தால் அவர்களுக்கும் பார்ப்பது சுலபம், எடையும் சரியாக வரும்.

சரி, இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். முதல் கேள்விக்குப் பதில் தெரியாமலே இதற்குப் பெரும்பாலும் பதில் சொல்லிவிடலாம். மோஸ் என்பவர் 1812இல் வகுத்த கடின அளவில் வைரம் 10. நீலமும் மாணிக்கமும் 9. இயற்கையா, சூடாக்கியதா, செயற்கையா என்பதற்கு இங்கே வித்தியாசம் இல்லை, மூன்றும் ஒரே பொருள்தான். ஸ்பினல் 8. கண்ணாடிதான் ஐந்துக்கும் ஆறுக்கும் இடையில். நம்மைச் சுற்றியுள்ள மண்ணிலும் தூசியிலும் இருக்கும் மணல் துகளின் கடினம் 7. அதனால் ஏழுக்குக் கீழே உள்ள எந்தக் கல்லையும், மேசையைத் தட்டிய தூசித் துணியால் துடைத்தால்கூடக் கீறல் விழும். எட்டும் அதற்கு மேலேயும் உள்ளது தாங்கும். ஆக, உங்கள் மோதிரக் கல் கண்ணாடி இல்லை என்று தெரிந்துவிட்டால் போதும், அதைத் தினமும் போடலாம். இங்கிலாந்து இளவரசி டயானாவுக்கு 1981இல் நிச்சயதார்த்தத்துக்குப் போட்ட 12 கரட் எடையுள்ள நீலம் இலங்கைக் கல் என்றே சொல்லப்படுகிறது. அதை இப்போது அவருடைய மருமகள் போடுகிறார். கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை.

உங்கள் படத்தைப் பார்த்தபோது எனக்குக் கவலை வந்தது கல்லைப் பற்றி அல்ல. அதைப் பிடித்திருக்கும் நான்கு சிறு தங்கக் கால்களைப் பற்றித்தான். 22 கரட் தங்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் நூற்றுக்கு ஏறத்தாழ 92 பங்கு சுத்தத் தங்கம். நிறம் அழகு, ஆனால் மிருதுவானது. படத்தில் ஒரு கால் மற்ற மூன்றைவிடத் தட்டையாகத் தெரிகிறது. வெளிச்சம் விழுந்த கோணமாகவும் இருக்கலாம், ஆனாலும் இதை ஒருவர் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும். என்னிடம் ‘கல் காணாமல் போய்விட்டது’ என்று வந்த மோதிரங்களில் கல் உடைந்து போனது மிகக் குறைவு. கால் தேய்ந்தோ நிமிர்ந்தோ, முழுக் கல்லும் கழன்று விழுந்ததுதான் அதிகம். எந்த லயத்து முற்றத்தில் விழுந்தது, எந்த பஸ்ஸில் விழுந்தது என்று யாருக்கும் தெரியாது.

மலைநாட்டில் இதற்குத் தனிக் காரணங்களும் இருக்கின்றன. ஒன்று ஸ்வெட்டர். தினமும் காலையும் மாலையும் கம்பளிக் கைக்குள் கையை விடுகிறீர்கள். இழை ஒவ்வொரு முறையும் காலில் மாட்டி அதைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்கிறது. இன்னொன்று குளிர். குளிரில் விரல் சுருங்கும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரம், ஹட்டன் அதைவிடத் தாழ்வு என்றாலும் மார்கழி, தை காலையில் பைப் தண்ணீர் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். கொழும்பில் மத்தியான வெயிலில் அளவெடுத்துச் செய்த மோதிரம், ஹட்டனில் சவர்க்காரம் போட்டுக் கை கழுவும்போது வழுக்கிக்கொண்டு போய்விடும். மோதிரத்துக்கு அளவு கொடுப்பதென்றால் உங்கள் ஊரிலேயே, காலை வேளையில் கொடுங்கள். மூன்றாவது வெண்கட்டி. அது மிருதுவானது, கல்லைக் கீறாது. ஆனால் அந்தத் தூளும் கை எண்ணெயும் சேர்ந்து கல்லின் அடியில் அப்பிக்கொள்ளும். ‘கல் மங்கிவிட்டது, தோஷம்’ என்று கொண்டுவரும் மோதிரங்களில் பாதியை வெதுவெதுப்பான சவர்க்காரத் தண்ணீரும் மிருதுவான பழைய பல் பிரஷும் சரியாக்கிவிடும். அடிப்பக்கத்தை நன்றாகத் தேயுங்கள், வெளிச்சம் கல்லுக்குள் போய்த் திரும்பி வருவதே அந்தப் பக்கத்துப் பட்டைகளால்தான். பாத்திரம் தேய்க்கும் தூள் மட்டும் வேண்டாம், தங்கத்தைத் தின்றுவிடும்.

கால்களைச் சரிசெய்யக் கொடுக்கும்போது ஒரு வார்த்தை சொல்லிக் கொடுங்கள்: கல்லைக் கழற்றிவிட்டுத்தான் தங்கத்தைப் பற்றவைக்கத் தீ ஊத வேண்டும். நீலம் சூட்டைத் தாங்கும் என்று சிலர் கல்லோடு சேர்த்தே ஊதுவார்கள். சூட்டை அது ஓரளவு தாங்கும்தான். ஆனால் ஊதும்போது போடும் வெண்காரம் கல்லில் பட்டால், அந்தச் சூட்டில் அது நீலத்தின் மேற்பரப்பையே அரித்துவிடும். பிறகு திரும்பப் பட்டை தீட்டித்தான் ஆக வேண்டும், கல்லின் எடையும் குறையும். நான் தொழில் பழகிய மூன்றாவது வருடத்தில் ஒரு சந்திரகாந்தக் கல்லை இப்படிக் கழற்றாமல் சூடு காட்டி, என் கண் முன்னாலேயே இரண்டாகப் பிளக்க விட்டிருக்கிறேன். அந்தக் கல்லுக்குச் சொந்தக்காரர் ஒரு தாதி. அவருடைய தாயார் கொடுத்த கல். வேறு கல் வாங்கிக் கொடுத்தேன், பணமும் வாங்கவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டு போனது இன்னும் என் மனதில் இருக்கிறது. அதற்குப் பிறகு எந்தக் கல்லையும் கழற்றாமல் நான் தீயைப் பற்றவைத்ததில்லை.

உங்கள் சந்திரகாந்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதும் இதிலேயே வந்துவிட்டது. கடினம் ஆறுக்கும் ஆறரைக்கும் இடையில்தான். உள்ளே இரண்டு திசையில் பிளவுத் தளங்கள் இருக்கின்றன, அந்தத் திசையில் ஓர் அடி விழுந்தால் விறகு மாதிரிப் பிளக்கும். மோதிரமாக இருந்தால் தினமும் போட வேண்டாம் என்றிருப்பேன். பதக்கம் என்பதால் தயங்காமல் போடுங்கள். கழுத்தில் இருப்பது மேசையிலும் கதவிலும் இடிபடாது. அடுப்படிக்குப் போகும்போது மட்டும் கழற்றிவிடுங்கள். குளிரில் இருந்த கல் திடீரென்று விறகடுப்புச் சூட்டைக் காண்பது நல்லதில்லை.

சிவப்புக் கல் தோட்டைப் பற்றித்தான் கொஞ்சம் எச்சரிக்கை. படத்தில் கல்லின் பின்பக்கம் முழுக்கத் தகட்டால் மூடியிருக்கிறது. இந்தப் பழைய குளோஸ் செட்டிங் வேலையில், நிறம் எடுத்துக்காட்ட உள்ளே ஒரு பளபளக்கும் மெல்லிய தாளை வைப்பது வழக்கம். தண்ணீர் உள்ளே போனால் தாள் கறுத்துவிடும். அப்புறம் எவ்வளவு கழுவினாலும் கல் சாம்பல் நிறமாகவே தெரியும். ஆகவே இதை முக்கி எடுக்க வேண்டாம். குளிக்கும்போது கழற்றி வைத்து, ஈரமில்லாத துணியால் துடைத்தால் போதும். காதில் போடுவது கையில் போடுவதைப் போல அடிபடாது, மற்றபடி இதைத் தினமும் போடலாம்.

மற்ற டீச்சர்மாரின் கற்களையும் எழுதியிருந்தீர்கள். ஊதா நிறச் செவ்வந்திக்கல் மோதிரத்தின் கடினம் 7, மணலுக்குச் சமம். சில வருடத்தில் விளிம்பு மழுங்கும், திரும்பத் தீட்டிக்கொள்ளலாம். நீண்ட நாள் நேர் வெயிலில் கிடந்தால் நிறம் வெளிறும், ஆதலால் ஜன்னலோரம் வைக்க வேண்டாம். கோமேதகமும் ஏறக்குறைய அதே கடினம், பிளவுத் தளம் இல்லாததால் கொஞ்சம் நிம்மதி. முத்து மிகவும் மிருதுவானது, தேசிக்காய்ப் புளியும் வாசனைத் திரவியமும் ஆகாது. கடைசியாகப் போட்டு முதலில் கழற்ற வேண்டிய நகை அதுதான். அண்மையில் மலிவாகப் பெரிய மாணிக்கம் வாங்கிய டீச்சருக்கு ஒன்று சொல்லுங்கள். பெரிய கல், நல்ல சிவப்பு, குறைந்த விலை என்றால் அது வெடிப்புகளில் ஈயக் கண்ணாடி நிரப்பிய மாணிக்கமா என்று கேட்க வேண்டும். அப்படியான கல்லில் தேசிக்காய்ச் சாறு பட்டாலே நிரப்பியது அரிபட்டு, வெடிப்பு வெள்ளைக் கோடாக வெளியே தெரியும். அதற்கு மட்டும் ‘மாணிக்கம் 9’ என்ற கணக்கு செல்லாது. நம் நாட்டில் எந்த இரத்தினக்கல்லையும் மாணிக்கக்கல் என்றே சொல்லிவிடுவதால், ரசீதில் அந்தச் சொல் இருப்பதை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது. கல்லின் வகையையும், நிரப்பியதா சூடாக்கியதா என்பதையும் தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள்.

நீலம் சனிக்குரிய கல், எல்லாருக்கும் ஒத்துவராது என்று உங்கள் மாமியார் சொன்னதாகவும் எழுதியிருந்தீர்கள். அது நம்பிக்கை சம்பந்தப்பட்டது, நான் கல் பதிக்கிறவன், அதில் தீர்ப்புச் சொல்ல எனக்கு இடமில்லை. அம்மாயி அதைப் போட்டுக்கொண்டு நாலு பிள்ளைகளை வளர்த்தார் என்று நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள், அதை வேண்டுமானால் மாமியாரிடம் சொல்லிப் பாருங்கள்.

பெட்டியில் பூட்டுவதைப் பற்றி என் அபிப்பிராயம் இது. தோட்டத்துக் குடும்பங்களில் நகை என்றால் அவசரத்துக்கு அடகு வைக்கிற சேமிப்பு. பிள்ளைக்குப் படிப்பு, வீட்டில் ஒரு சாவு, எல்லாவற்றுக்கும் அதுதான் போய் வந்தது. அடகுக் கடையில் கல்லின் எடையைக் கழித்துவிட்டுத் தங்கத்துக்கு மட்டும்தான் கணக்குப் பார்ப்பார்கள். அதனால் கல் வைத்த நகையை நம் பெண்கள் பெரிதாகச் சேர்க்கவில்லை. அப்படி இருந்தும் உங்கள் அம்மாயி ஒரு கல் மோதிரம் செய்து போட்டிருக்கிறார் என்றால், அடகுக்கு உதவாது என்று தெரிந்தும் ஆசைப்பட்டுப் போட்டிருக்கிறார். கொழுந்து பறிக்கிற கையில் அது இருந்தது. வெண்கட்டி பிடிக்கிற கையில் இருக்க முடியாதா?

ஆனால் கால்களைச் சரிபார்த்த பிறகுதான். ஆசாரியிடம் போக நேரம் கிடைக்கும்வரை நீங்களே செய்யக்கூடியது இது. மோதிரத்தைக் காதருகே பிடித்து, விரலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். உள்ளே ‘டிக் டிக்’ என்று சின்னச் சத்தம் கேட்டால் கல் ஆடுகிறது. சத்தம் இல்லையென்றால், காலையில் ஸ்வெட்டர் கையின் மேல் மோதிரத்தை நான்கு பக்கமும் மெதுவாக இழுத்துப் பாருங்கள். ஓர் இழை மாட்டினாலும் ஒரு கால் நிமிர்ந்திருக்கிறது. அன்றைக்கு மோதிரத்தை வீட்டில் வைத்துவிட்டுச் சந்திரகாந்தத்தைப் போட்டுக்கொண்டு போங்கள்.